கோட்டில் யார் நிற்பது?

ஓய்வு பெற்ற மோட்டார் வாகனப் பரிசோதகனை யாரும் தேடி வருவதில்லை. வேலையில் இருந்த காலத்தில் வந்தவர்கள்கூட என் கையெழுத்தைத் தேடித்தான் வந்தார்கள். ஆகவே போன கிழமை, இப்போது என் கதிரையில் இருக்கும் பரிசோதகர் தொலைபேசியில் அழைத்து, "சேர், உங்கட அனுபவத்த ஒருக்கா எழுதித் தாங்களன்" என்று கேட்டபோது, இலக்கம் மாறி அழைத்துவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

விஷயம் இதுதான். பழைய கார் பிரியர்கள் சங்கம் பனிச்சங்கேணிப் பக்கம் மறுபடியும் வேக ஓட்டம் நடத்தப் போகிறது. ஓடப்போகும் கார்கள் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவை. ஓட்டப்போகிறவர்கள் அவற்றைவிட மூத்தவர்கள். கார்களைப் பரிசோதித்து ஓடவிடும் பொறுப்பு இம்முறை அந்தத் தம்பியின் தலையில் விழுந்திருக்கிறது. சென்ற முறை அது என் தலையில் இருந்தது.

"அண்டைக்கு என்ன சேர் நடந்த? ஆளுக்கொரு கதை சொல்றாங்க" என்றார் தம்பி.

சொல்லட்டும். ஆனால் அன்றைக்குப் படிவம் நிரப்பியவன் நான். ஆகவே என் கதையையும் கேட்டுவிடுவது முறை.

பயிற்சிக் காலம் பற்றி எழுத அதிகம் இல்லை. கொழும்பில் இரண்டு வருடம். முதல் வருடம் எஞ்சினைப் பிரிக்கப் பழகினோம். இரண்டாம் வருடம், பிரித்த எஞ்சினுக்குரிய படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்பப் பழகினோம். திரும்பப் பூட்டுவதற்குக் காலம் போதவில்லை. அந்த அறிவோடு மட்டக்களப்புக்கு வந்து, தலைமைப் பரிசோதகர் சாமித்தம்பி ஐயாவின் முன்னால் நின்றேன்.

சாமித்தம்பி ஐயா மெலிந்த மனிதர். நீளக் கை வைத்த வெள்ளைச் சட்டைதான் எப்போதும். லொறிக்குக் கீழே படுத்து எழும்பினாலும் அதில் ஒரு எண்ணெய்ப் பொட்டு இராது. சட்டைப் பையில் சிறிய சுத்தியல் ஒன்று, காதிடுக்கில் மஞ்சள் மெழுகுக் கட்டி ஒன்று. வெற்றிலை போடுவார், ஆனால் பரிசோதனை நாட்களில் மத்தியானம் வரை தொடமாட்டார். காரணம் கேட்டேன்.

"மூக்குக்கு வேலை இருக்கு" என்றார்.

வாகனத்தை அவர் பார்க்கும் ஒழுங்கு தனியானது. முதலில் மூக்கு, பிறகு கை, பிறகு காது, கடைசியாகத்தான் கண். நாங்கள் கொழும்பில் படித்தது இதற்கு நேர் தலைகீழ்.

"தம்பி, கண்ணுக்குத்தான் வாகனக்காரன் பெயின்ற் அடிச்சுக் கொண்டு வாறான். மூக்குக்கு ஆர் பெயின்ற் அடிக்கிற?"

அவரிடம் எனக்குப் பிடிபடாத வழக்கம் ஒன்றும் இருந்தது. கோயிலில் பூசை முடித்து, சந்தனமும் பூமாலையும் எலுமிச்சம்பழமுமாக நேரே பரிசோதனைக்கு வரும் வாகனத்தை அவர் காலையில் தொடமாட்டார். "பின்னேரம் வரட்டும்" என்பார். அவ்வளவுதான். ஒரு நாள் லொறிக்காரர் ஒருவர் கெஞ்சிப் பார்த்தார்.

"ஐயா, அம்மன்ட பூசை முடிச்சு நேர இஞ்சதான் வாறன்."

"தெரியுது மகன். அம்மன் பாத்துட்டா. நான் பின்னேரம் பாக்கிறன்."

அவருக்கும் அம்மனுக்கும் ஏதோ பழைய கணக்கு என்று நினைத்தேன். நான் தலைமைப் பரிசோதகரானதும் முதல் வேலையாக அந்த வழக்கத்தை நிறுத்தினேன். அதைச் சீர்திருத்தம் என்று அலுவலகத்தில் சொல்லியும் கொண்டேன்.

பிரேக் பரிசோதனைதான் அவருடைய பெயர் போன காரியம். பிரேக்கை அளக்கும் கருவி ஒன்று அலுவலக அலுமாரியில் இருந்தது. அதற்குப் பற்றரி கேட்டு அனுப்பிய கடிதத்தின் பிரதி அதைவிடப் பத்திரமாகக் கோப்பில் இருந்தது. பற்றரி வரும்வரை ஐயா தன் முறையைக் கையாண்டார். நான் ஓய்வு பெறும்வரை பற்றரி வரவில்லை.

வாகரையிலிருந்து ஐஸ் பெட்டிகளோடு மீன் ஏற்றி வரும் லொறியொன்று வந்தது. உரிமையாளர் வாட்டசாட்டமான ஆள். சாரதி ஒரு நோஞ்சான். ஐயா தெருவில் வெண்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"பிரேக் எப்படி?"

"கல்லு மாதிரி ஐயா. தொட்டா நிக்கும்."

"நல்லது. சாரதி அங்க தூரத்தில இருந்து வேகமா வரட்டும். கோட்டுக்கு முன்னால நிப்பாட்ட வேணும். நீங்க கோட்டில நில்லுங்க."

"நானா?"

"லொறி உங்கடதானே?"

உரிமையாளர் கோட்டைப் பார்த்தார். லொறியைப் பார்த்தார். சாரதியைப் பார்த்தார். சாரதி உற்சாகமாகக் கதவைத் திறந்து ஏறப் போனான்.

"எறங்கு நீ!" என்று உரிமையாளர் கத்தினார். பிறகு ஐயாவிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "ஒரு கிழமை தாங்க ஐயா, லைனர் மாத்திட்டு வாறன்" என்றார்.

எஞ்சினை இயக்காமலே முடிந்த பரிசோதனை அது. ஐயாவின் காலத்தில் கோட்டில் நிற்கச் சம்மதித்தவர்கள் எல்லோருடைய பிரேக்கும் நன்றாகவே இருந்தது. ஒரு உரிமையாளரையும் நாங்கள் இழக்கவில்லை.

அடுத்தது டயர். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பரிசோதனைக்கென்றே ஒரு தொகுதி நல்ல டயர் இருந்தது. யாருக்குச் சான்றிதழ் புதுப்பிக்கும் நாள் வருகிறதோ, அவருடைய லொறிக்கு அது பூட்டப்படும். பரிசோதனை முடிந்ததும் கழற்றி அடுத்தவருக்குப் போகும். கல்யாண வீட்டுக்குப் பெரிய கிடாரம் இரவல் போவதுபோல. நானறிந்தவரை உலகத்தில் அதிகமாகப் பரிசோதிக்கப்பட்டதும் மிகக் குறைவாக ஓடியதும் அந்த டயர்கள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே காலையில் மூன்று லொறிகளின் கீழே அதே டயர்களைத் தடவிப் பார்த்து, "டயர்: மிக நன்று" என்று மூன்று தடவை எழுதினேன். ஐயா நாலாவது லொறியில் அவற்றைப் பிடித்தார். முதல் லொறியிலேயே, டயரின் உட்பக்கத்தில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், தன் மஞ்சள் மெழுகால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தார்.

அவர் யாரையும் ஏசவில்லை. "சாட்சிப் பொருள்" என்று எழுதி, டயர்களை ஒரு கிழமை அலுவலக அறையில் பூட்டி வைத்தார். அந்தக் கிழமை நகரத்தில் ஒரு லொறியும் பரிசோதனைக்கு வரவில்லை.

அன்றிலிருந்து மஞ்சள் மெழுகு என் காதிடுக்கிலும் ஏறியது.

இனி அந்த ஓட்டத்துக்கு வருவோம். அதற்கு முன் என் மச்சானைச் சொல்ல வேண்டும். என் தங்கச்சி யோகத்தின் கணவர் தங்கராசா, பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி இன்னமும் அவருக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. நாவற்குடாவில் வீடு. முற்றத்துக் கொட்டிலில் பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கார். அவரிடம் படித்த பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் தவக்களை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைப்பார், கோயிலடி வரை ஓட்டுவார், திரும்பி வந்து மறுபடியும் துடைப்பார். எழுபத்திரண்டாவது வயதில் அவர் அதை வேக ஓட்டத்தில் விடப் பெயர் கொடுத்தார். நான் பரிசோதகர் என்பது தெரிந்த பிறகுதான் கொடுத்தார்.

ஓட்டத்துக்கு ஒரு கிழமை இருக்க யோகம் வந்தாள். கையில் அடுக்குச் சட்டி. மேல் தட்டில் நண்டுக் கறி.

"அண்ணன், இந்த மனிசன் ஓடினா நான் தாலி கழட்ட வேண்டியதுதான். நீங்க ஃபெயில் எண்டு எழுதிப்போடுங்க."

"காரணம் இல்லாம எழுத ஏலா தங்கச்சி."

"காரணமோ? போன வரிசம் முருங்க மரத்த ஆளெண்டு நினைச்சு ஹோர்ன் அடிச்சவர். மரம் விலகல்ல எண்டு இறங்கி ஏசினவர். காணாதா?"

"அது ஆள்ர குறை. என்ட படிவத்தில கார்ர குறைக்குத்தான் இடம் இருக்கு."

அவள் போன பிறகு அடுக்குச் சட்டியின் கீழ்த் தட்டைத் திறந்தேன். பொரித்த இறால். கூடவே மடித்த துண்டுக் கடதாசி. மச்சானின் அழகான கரும்பலகை எழுத்து: "மச்சான், பாஸ் பண்ணு. இறால் நான் பொரித்தது." ஒரே வீட்டிலிருந்து, ஒரே சட்டியில், ஒரே கோப்புக்கு இரண்டு லஞ்சம் வந்தது என் சேவைக் காலத்திலேயே அதுதான் முதல் தடவை. இரண்டையும் சாப்பிட்டேன். ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஓட்டத்துக்குத் தெரிவு செய்திருந்தது வாவியோரமாகப் போகும் நேரான தெரு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சனம். கார் தெருவை விட்டு விலகினால் மோதி நிற்க இரு கரையும் வைக்கோல் கட்டு அடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அடுக்கினார்கள், முதல் நாளே. விடிய நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர்ப் பக்கத்துத் தடுப்பில் பாதியை மாடுகள் தின்று முடித்திருந்தன. மறுபக்கத்துக் கட்டுகளைச் சனங்கள் மரநிழலுக்கு இழுத்துப் போய், மேலே துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தீயணைப்பான் ஒன்று இருந்தது. அதற்கு மாலை போட்டிருந்தார்கள். தலைக்கவசம் கட்டாயம் என்ற என் நிபந்தனைப்படி எல்லோரும் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். ஒருவருடையதில் முயல் காது இரண்டு நீட்டிக்கொண்டிருந்தது. பேத்தியுடையதாம். இன்னொருவர் காருக்குப் புதிதாக இருக்கைப் பட்டி பூட்டியிருந்தார். பட்டி நல்லது. அதைப் பூட்டியிருந்த பலகைத் தளத்தைச் சுத்தியலால் தட்டினேன். கறையான் தின்ற வெற்றோசை வந்தது. விபத்தில் மனிதர், பட்டி, பலகை மூன்றும் ஒன்றாகவே வெளியே போகும். அவரை அனுப்பிவிட்டேன்.

நிகழ்ச்சி நிரலில் ஏழு மணிக்குப் பூசை, ஏழரைக்குப் பரிசோதனை. எட்டுக் கார்கள் வரிசையாக நின்றன. "பொனற்றத் திறந்து விடுங்க, எஞ்சினுக்குள்ளயும் அருள் போகட்டும்" என்றார் சங்கச் செயலாளர். திறந்தார்கள். ஐயர் ஒவ்வொரு காராக வந்து, சாம்பிராணிப் புகை காட்டி, கற்பூரத் தட்டை எஞ்சினுக்கு மேலே மூன்று தரம் சுற்றினார். மச்சானின் கார் முன்னால் நான் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றேன். புகையில் தும்மல் பிடித்து, பின்னேரம் வரை விடவில்லை.

ஒரு கார் மட்டும் வரிசைக்கு வெளியே, பொனற் மூடியபடி நின்றது. ஓட்டமாவடியில் மரக்காலை என்னும் மரக்கடை வைத்திருக்கும் ஹாஜியாருடைய கறுப்புக் கார். "நான் வீட்டிலயே துஆ ஓதிட்டு வந்தன் சேர்" என்றார். அவருடைய காரும் மச்சானுடைய காரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றின் சக்கரம் மற்றதுக்குப் பொருந்தும். அந்த ஒற்றுமையில்தான் இருவரும் சிநேகிதர்கள்.

ஹாஜியாருடைய காரை முதலில் பார்த்தேன். படிவத்தின் பதினான்கு இலக்கமும் சரி. நாலு டயரும் புத்தம் புதிது. பழக்க தோஷத்தில் உட்பக்கம் ஒரு மஞ்சள் புள்ளி வைத்தேன். பிறகு மற்றக் கார்கள். மச்சானுடையது கடைசி. ஸ்ரியரிங் சரி, பிரேக் சரி, விளக்கு சரி. ஒன்பதாம் இலக்கம் எரிபொருள் குழாய்: குனிந்து பார்த்தேன், மணந்தேன், தும்மினேன், "நன்று" என்று எழுதினேன். பன்னிரண்டாம் இலக்கம் டயர். நாலும் புத்தம் புதிது. உட்பக்கம் விரலை விட்டேன். விரலில் மஞ்சள் ஒட்டியது.

"மச்சான், இந்த டயர் எப்ப வாங்கின?"

"போன மாசம்."

"இதில என்ட புள்ளி எப்ப வந்த?"

மச்சான் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் வாவியைப் பார்த்தார். கூடாரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஹாஜியாருடைய கார் சக்கரமில்லாமல் நாலு கல்லின் மேல் நின்றது.

"கோவிக்காதீங்க சேர்" என்றார் ஹாஜியார். "ரெண்டு பேரும் சேந்துதான் வாங்கின. ஒவ்வொரு காராத்தானே விடப் போறயள்? ஒரு நேரத்தில ஒருத்தன்தான் ஓடுறான். மறுகா எட்டு டயர் என்னத்துக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் ஓட்ட விதிகளில் இருக்கிறதா என்று பல தடவை தேடிவிட்டேன். இல்லை.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் ஓடி வந்தார். பிரதம விருந்தினருக்குப் பதினொரு மணிக்கு வேறொரு கூட்டம் இருக்கிறதாம். ஆகவே கார்களை இரண்டு இரண்டாக விட வேண்டுமாம். முதல் சோடி, ஒரே சாதிக் கார்கள் என்பதால், ஹாஜியாரும் மச்சானும்.

"நல்ல டயர நீங்க போடுங்க ஹாஜியார்" என்றார் மச்சான். "எனக்கு என்ட பழசு காணும்."

காரிலிருந்து கழற்றிக் கூடாரத்துக்குப் பின்னால் போட்டிருந்த மச்சானின் பழசு, அவருடைய முதல் நியமனக் கடிதத்துக்குச் சமவயதானது. கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் போட்டுக் கண்ணாடிபோல வைத்திருந்தார். நகத்தால் கீறினேன். பொலிஷுக்குக் கீழே, தண்ணீர் காணாத வயல் வட்டை வெடித்துக் கிடப்பதுபோல டயர் முழுக்க வெடிப்பு. றப்பர் ஓடுபோல இறுகியிருந்தது. பழைய கார்களுக்கு இதுதான் எமன். அவை ஓடுவதில்லை, ஆகவே டயர் தேய்வதில்லை. பார்வைக்குப் புதிது, உள்ளே கிழடு. வேகத்தில் சூடேறினால் தோல் கழன்று போகும்.

"இது ஓடாது மச்சான்."

அவர் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தார். டயரின் பள்ளத்தில் குத்தி அளந்தார்.

"ஆறு மில்லிமீற்றர். உங்கட விதியில பள்ளம் எவ்வளவு ஆழம் எண்டு கேட்டுக் கிடக்கு. வயசு கேட்டுக் கிடக்கா? காட்டு பாப்பம்."

விதியில் வயது இல்லை. விதியை எழுதியவன் நான். மீறி நிராகரித்தால் அவர் மேன்முறையீடு செய்யலாம். மேன்முறையீட்டுக் குழுவின் தலைவர் அவரேதான்.

அப்போதுதான் சாமித்தம்பி ஐயாவின் ஞாபகம் வந்தது.

"சரி. டயர் மாத்தினா பிரேக் திரும்பப் பாக்க வேணும். ஓடி வந்து பிடிக்கிற பிரேக்" என்றேன். நூறு மீற்றர் தள்ளி, வெண்கட்டியால் தெருவுக்குக் குறுக்கே கோடு போட்டேன். "உரிமையாளர் கோட்டில நிக்க வேணும்."

"உரிமையாளரும் நான், சாரதியும் நான். ரெண்டிடத்தில எப்படி நிக்கிற? நீ நில்லு மச்சான்!"

சனம் சிரித்தது. மச்சான் துள்ளிக்கொண்டு காரில் ஏறினார். அந்தத் துள்ளலைப் பார்த்தபோதுதான் ஐயாவின் முறையில் உள்ள ஒரே ஓட்டை எனக்குத் தெரிந்தது. கோட்டில் நிற்பவர் செத்தால் ஓட்டுகிறவருக்கு நட்டம் இருக்க வேண்டும். மச்சான் உறவில் அந்த நிபந்தனை பூர்த்தியாவதில்லை.

நேரத்தைக் கடத்துவதற்காகக் கோப்பைப் புரட்டினேன். முதலாம் இலக்கம்: பதிவுப் புத்தகம். காலையில் பார்த்து, சரி என்று எழுதிய அதே புத்தகம். உரிமையாளர் பெயர் எழுதியிருந்த இடத்தை இப்போதுதான் வாசித்தேன். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். எங்கள் அப்பா அதோடு காரையும் சேர்த்து எழுதி வைத்தது எனக்கு மறந்தே போயிருந்தது. உண்மையைச் சொன்னால், மறக்க முயன்றிருந்தேன்.

"உரிமையாளர் நீங்க இல்ல மச்சான். யோகேஸ்வரி."

"அவ நாவற்குடாவில!"

"நான் இஞ்ச நிக்கிறன்" என்றது சனத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

வாகரை பஸ்ஸில் வந்து இறங்கி, வைக்கோல் கட்டு ஒன்றில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பூப்போட்ட குடையை விரித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். நான் கையைப் பிடித்தேன்.

"சும்மா சொன்ன தங்கச்சி. நீ நிக்க வேணாம்."

"விடுங்க அண்ணன். முப்பத்தஞ்சு வரிசமா இந்தாள்ர முன்னாலதான் நிக்கிறன்."

கோட்டில் போய் நின்றாள். "கெதியா வாங்க! எனக்கு வெயில் ஏலா!" என்று கத்தினாள்.

பழைய டயர்கள் பூட்டப்பட்டிருந்தன. மச்சான் எஞ்சினை இயக்கினார். தவக்களை இருமி, உறுமி, அதிர்ந்தது. தலைக்கவசத்துக்குள் மச்சானின் முகம் தெரியவில்லை. ஐயாவின் பரிசோதனையில் எஞ்சின் ஒருபோதும் இயங்கியதில்லை என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. மச்சான் எஞ்சினை உறுமவிட்டபடியே இருந்தார். நான் தெருவின் நடுவே, காருக்கும் தங்கச்சிக்கும் இடையில் போய் நிற்பதா என்று யோசித்தேன். யோசிக்க முன்னமே கால் அங்கே போய்விட்டிருந்தது. என்னைக் கண்டு நிறுத்துவார் என்ற நம்பிக்கை எனக்கில்லை. என்ன செய்வது, இருந்த தடுப்பை மாடு தின்றுவிட்டது.

எஞ்சின் நின்றது.

மச்சான் இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றினார். யாரையும் பார்க்காமல், காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு அறிவிக்கும் குரலில் சொன்னார்:

"பெற்றோல் மணக்குது. இந்த நிலையில ஓட ஏலா. பாதுகாப்பு முக்கியம்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை. ஆனாலும் ஒரு மனிதன் மனைவிக்கு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கும்போது அவனுக்கு ஒரு படி வேண்டும். ஒன்பதாம் இலக்கத்தில் "நன்று" என்பதை வெட்டி, "எரிபொருள் குழாயில் கசிவு. கார் ஓட்டத்திலிருந்து விலக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். தெரிந்துகொண்டே நான் எழுதிய ஒரே பொய்.

ஹாஜியார் நல்ல டயர்களோடு தனியாக ஓடினார். பாதி வழியில், மிச்சத் தடுப்பையும் தின்ன வந்த மாடு ஒன்று தெருவுக்குக் குறுக்கே நின்றது. ஹாஜியார் பிரேக் பிடித்து நிறுத்தி, மாடு போன பிறகு மீண்டும் ஓடி அந்தச் சோடியில் முதலாமிடம் பெற்றார். டயரும் பிரேக்கும் சரியாக இருந்ததற்கு அந்த மாடு சாட்சி. அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

மூன்று நாள் கழித்து நாவற்குடாவுக்குப் போனேன். மச்சானைப் பகிடி பண்ணத்தான் போனேன், மறைக்கவில்லை.

"எங்க மச்சான், பெற்றோல் மணத்த ஒருக்கா மணந்து பாப்பம்" என்று சொல்லிக்கொண்டே பொனற்றைத் திறந்தேன்.

மணம் முகத்தில் அடித்தது.

குழாய் நனைந்திருந்தது. கையால் தடவினேன். வளைவில் றப்பர் வெடித்து, துளித்துளியாகக் கசிந்து, எஞ்சினின் சூடேறும் பக்கத்துக்கு ஒரு விரலளவு தள்ளி விழுந்துகொண்டிருந்தது. கார் பழசானால் டயர் மட்டுமா கிழடாகும். பக்கத்தில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் சொன்ன தானே" என்றார் மச்சான்.

"எப்ப இருந்து இது?"

"ஒரு மாசமாக் கிடக்கு."

"ஒரு மாசமா? எனக்கேன் சொல்லல்ல?"

"சொன்னா நீ ஃபெயில் பண்ணுவாய்."

"மறுகா அண்டைக்கு மட்டும் ஏன் நிப்பாட்டின நீங்க? ஒரு மாசமா மணந்தது, அந்த நிமிசம்தானோ பிடிக்காமப் போன?"

மச்சான் குசினிப் பக்கம் பார்த்தார். உள்ளே யோகம் யாரிடமோ தொலைபேசியில், தான் குடையோடு நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாவது ஆளுக்கோ ஐந்தாவது ஆளுக்கோ.

"குடை ஆடினது மச்சான்" என்றார் மெதுவாக. "காத்து இல்ல அண்டைக்கு."

"நூறு மீற்றருக்கு அங்கால குடை ஆடினது தெரிஞ்சதோ? முருங்க மரத்த ஆளெண்ட கண்ணுக்கு?"

"அது தெரியும்" என்றார்.

நான் அதற்குமேல் பகிடி பண்ணவில்லை. பண்ணும் நிலையிலும் இல்லை. கோப்பில் இருந்த என் ஒரே பொய் உண்மையாகிவிட்டது. அதற்கு முன் நான் எழுதி வெட்டிய "நன்று" தான் பொய். அதற்கும் மேல் ஒரு காட்சி கண் முன்னே வந்து நின்றது: திறந்த பொனற், நனைந்த குழாய், அதற்கு ஒரு சாண் மேலே ஐயர் சுற்றிய கற்பூரத் தட்டு. ஒரு தரம் அல்ல, மூன்று தரம். பக்கத்தில், பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி கண்ணை மூடிக் கைகூப்பியபடி. டயரும் வேகமும் வாவியும் மாடும் அல்ல, அன்றைய நாளின் மிகப் பெரிய ஆபத்து ஏழு மணிக்கே, ஒரு காரும் அசையாமல் நின்றபோதே, எங்களைக் கடந்து போயிருந்தது. ஏழரைக்கு நான் குனிந்து மணந்தபோது என் மூக்கில் சாம்பிராணியைத் தவிர வேறெதுவும் இல்லை.

பின்னேரம் வரட்டும் என்று சாமித்தம்பி ஐயா ஏன் சொன்னார் என்பது, நாற்பது வருடம் கழித்து, நாவற்குடாவில் அந்த வாங்கில் இருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு அம்மனோடு ஒரு கோபமும் இருந்ததில்லை. புகை அடங்கும்வரை காத்திருந்திருக்கிறார். காரணத்தை ஒரு வரி சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் சீர்திருத்தம் செய்துவிட்டேன்.

ஆகவே தம்பி, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. பூசை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், உங்களையே வாவிக்குள் தள்ளிவிடுவார்கள். பொனற்றை மூடிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். பரிசோதனையைப் பூசைக்கு முன்னால் வையுங்கள். டயரின் வயதைக் கேட்கும் விதி ஒன்று எழுதுங்கள். வைக்கோலை அன்று காலையிலேயே அடுக்குங்கள். மஞ்சள் மெழுகு ஒரு கட்டி இதனோடு அனுப்புகிறேன்.

மச்சான் இம்முறையும் பெயர் கொடுத்திருக்கிறார். புதுக் குழாய் போட்டாயிற்று. டயர் எட்டும் இருக்கிறது. இரண்டு கொட்டிலுக்கும் ஒரே நேரத்தில் ஆள் அனுப்பி எண்ணினேன். ஆனாலும் வெண்கட்டியை மறக்க வேண்டாம். கோடு போடுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரைக் கூப்பிடுங்கள். அவள் வருவாள். புதுக் குடை வாங்கி வைத்திருக்கிறாள்.